முன்னால் போனது யார்

சவிரிமுத்து பால் பவுசர், அதாவது தொட்டி லொறி, ஓட்டுகிறவர். சுவிற்சர்லாந்தில் லுசேர்ணுக்கு மேற்கே, என்ட்லபூக் மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் பண்ணைகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போவார். அங்கங்கே குளிர்த்தொட்டியில் நிற்கும் பாலைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்து, கீழே ஆலைக்குக் கொண்டுவந்து இறக்குவார். பண்ணைக்காரருக்கு அவருடைய பெயர் வாயில் வராது. "சாவி" என்று கூப்பிடுவார்கள். அவரும் சரி என்று விட்டுவிட்டார்.

பிறந்தது மன்னார் பேசாலையில், கடற்தொழில் செய்யும் வீட்டில். சண்டைக்காலத்தில் இங்கே வந்து சேர்ந்து, லுசேர்ண் ஹோட்டல் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கினார். கழுவியது போய் மரக்கறி வெட்டியது, வெட்டியது போய் சூப் வைத்தது என்று வாலிபம் முழுவதும் அந்த நிலக்கீழ் குசினியிலேயே போனது. நாற்பது தாண்டியபிறகுதான், வெளிச்சம் இருக்கிற வேலை ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்து லொறி லைசென்ஸ் எடுத்தார். மலைப்பாதையில் பனி கொட்டும் மாரிகாலத்தில் ஓட்ட ஆட்கள் பின்வாங்கின நேரம் அது. அதனால் வேலையும் கிடைத்தது. மனைவி றீற்றா முதியோர் இல்லத்தில் வேலை. எம்மன்புரூக்கேயில் வீடு. மகள் லக்சனா சூரிச்சில் படிக்கிறாள்.

பால்காரர் என்றால் மாடு தெரிந்தவர் என்று எல்லாரும் நினைப்பார்கள். சவிரிமுத்து ஒரு மாட்டைத் தொட்டதே கிடையாது. மாட்டுக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு குழாய் இருந்தது. அதேபோல, அந்த மலையில் அவருக்குத் தெரியாத மூலை இல்லை என்றும் சொல்வார்கள். அதுவும் பாதி உண்மைதான். எந்த வளைவில் எந்தக் கியர் என்று கைக்குத் தெரியும். அந்த மண்ணில் இறங்கி நூறு அடி அவர் நடந்ததில்லை.

அந்த ஜனவரியில் முதலில் மழை கொட்டியது. ஈரத்தில் ஊறிப்போன காட்டின்மேல் புயல் அடித்தது. பின்னேரத்துக்குள் காற்று வடக்கே திரும்பி, வெப்பமானி தலைகுப்புற விழுந்தது. மேலே பண்ணைகளில் தொட்டிகள் நிறைந்துவிட்டன, நாளைக்கு எடுக்காவிட்டால் பாலைக் கொட்டவேண்டியதுதான் என்று ஆலைக் கந்தோரில் லொறிகளை அனுப்பிவைக்கும் பெட்டினா சொன்னாள்.

"ஏலாதெண்டால் திரும்பி வந்திடுங்கோ, சாவி. யாரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்பதுதான் அவளுடைய பேச்சின் சாரம்.

மறுநாள் விடியவே வெளிக்கிட்டார். இரண்டு பண்ணையில் பால் எடுத்தும் விட்டார். மூன்றாவதற்கு ஏறும்போது, காட்டு வளைவில் பெரிய ஊசியிலை மரம் ஒன்று வீதிக்குக் குறுக்கே கிடந்தது. பின்னுக்கு எடுப்போம் என்று கண்ணாடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலும் ஒன்று சரிந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை. காற்றின் இரைச்சலுக்குள் அதுவும் சேர்ந்துவிட்டது. அதோடு ஸ்னோ கொட்டத் தொடங்கியது. மேலிருந்து கீழே விழுகிற ஸ்னோ அல்ல. பக்கவாட்டில் ஓடியது, சில நேரம் கீழிருந்து மேலே ஏறியது.

வாகனத்தை விட்டு இறங்காதே என்பதுதான் விதி. சவிரிமுத்து இறங்கவில்லை. ஹீற்றரைப் போட்டு, செபமாலையைக் கையில் எடுத்து, காத்திருந்தார். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. வெளியே மைனஸ் இருபதுக்குக் கீழே காட்டியது. கொஞ்ச நேரத்தில் இஞ்சின் இருமியது. பிறகு முனகியது. பிறகு நின்றுபோனது. டீசல் மெழுகு மாதிரித் திரண்டிருக்கவேண்டும். திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

கபினுக்குள் இருந்த சூடு எவ்வளவு கெதியாய்ப் போனது என்பதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. அவர் விட்ட மூச்சே கண்ணாடியில் உள்பக்கமாகப் பூப்பூவாய் உறைந்தது. இறங்குவதா, இருப்பதா? மேலே மார்லிஸ் என்ற பெண்ணின் பண்ணை இருக்கிறது. பவுசரில் போனால் ஒரு பாட்டுக் கேட்டு முடிக்கிற தூரம். நடந்தால்? அவருக்குத் தெரியவில்லை. ஒருதரம் கதவைத் திறந்தார், மூடினார். திரும்பவும் திறந்தார். கால் விறைக்கத் தொடங்கியபிறகு மற்றதெல்லாம் தானாக நடந்தது. ஒளிரும் மஞ்சள் மேலங்கியை ஜக்கெற்றுக்கு மேலே மாட்டி, சால்வையால் முகத்தைக் கண் மட்டும் தெரியச் சுற்றிக்கொண்டு இறங்கினார்.

விழுந்த மரத்தைச் சுற்றி ஏறி மறுபக்கம் போனவர் வீதியைத் தேடினார். வீதி இல்லை. வானம், நிலம், காடு எல்லாம் ஒரே வெள்ளைக்குள் போய்விட்டன. கையை நீட்டினால் கை முடிகிற இடம் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது என்று சொல்வார்களே, அது கறுப்பாய் இருக்கும் என்றுதான் அவர் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார்.

அப்போதுதான் மஞ்சளாய் ஒன்று அசைந்தது.

ஒரு ஆள். ஒளிரும் மேலங்கி போட்ட ஆள். முகமெல்லாம் மூடிக்கட்டு. சவிரிமுத்துவுக்கு உயிர் திரும்பி வந்தது. வீதிப் பகுதிக்காரன்! மரம் வெட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள்! அவர் இரண்டு கையையும் ஆட்டினார். அந்த ஆளும் இரண்டு கையையும் ஆட்டினான். கிட்டப் போய், காற்றுக்கு மேலால் ஜெர்மன் மொழியில் கத்தினார்: "கடவுளே, நல்லவேளை வந்தீர்கள்!"

அந்த ஆளும் ஜெர்மனில் ஏதோ கத்தினான். "வந்தீர்கள்" என்ற சொல் மட்டும் கேட்டது. பிறகு "யா, யா" என்றான். சவிரிமுத்துவும் "யா, யா" என்றார். இருவரும் நடக்கத் தொடங்கினார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததை அவர் பலமுறை, பல பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நடுவில் எங்கேயாவது நிற்பார். "இல்லை, அது முதல் நடந்ததோ, பிறகு நடந்ததோ தெரியேல்லை" என்பார்.

அவர் அந்த ஆளுக்குப் பின்னால் போனார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஆளின் காலடி பதிந்த குழிக்குள் தன் காலை வைத்து வைத்துப் போனார். ஆனால் கொஞ்சத்தில் நிமிர்ந்து பார்த்தால், தான் முன்னுக்கு நிற்கிறார், அந்த ஆள் பின்னுக்கு நிற்கிறான். ஏன் இந்த மனுசன் என்னை முன்னுக்கு விடுகிறான்? முறை வைத்து ஸ்னோவை உழக்க வேண்டும் போலிருக்கிறது, அது இவர்களுடைய வழக்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தார். திரும்பிப் பார்த்தார். அந்த ஆள் தலையை ஆட்டினான். சரியான வழி என்கிறானா? பிழை என்கிறானா? எந்தப் பக்கம் என்று கையால் கேட்டார். அந்த ஆளும் அதே மாதிரிக் கையைக் காட்டினான். இந்தப் பக்கம் என்று சொல்கிறான் என எடுத்துக்கொண்டு, காட்டிய பக்கம் திரும்பினார்.

ஓரிடத்தில் நிலம் சரிந்து கீழே போனது. பிறகு ஏறியது. இடுப்பளவு ஸ்னோ. எங்கேயோ கம்பி ஒன்று காலில் தட்டியது. காதுக்குள் இரைச்சல். அது மரங்களின் இரைச்சலா, கடலா என்று பிரிக்க முடியவில்லை. கடல் எப்படி இங்கே வந்தது என்று யோசித்தார். வந்திருந்தால் வந்திருக்கட்டும் என்றும் தோன்றியது. பிறகு குளிர் விட்டுப்போனது. உண்மையாகவே விட்டுப்போனது. உடம்பெல்லாம் வெக்கை. இந்த ஜக்கெற் எதற்கு என்று சிப்பை இழுத்துத் திறந்தார். பின்னாலிருந்து ஒரு கை வந்து பிடித்து, திரும்ப இழுத்துப் பூட்டியது. அவருக்குக் கோபம் வந்தது. சொந்த ஜக்கெற்றைக் கழற்ற இவனிடம் அனுமதி கேட்கவேண்டுமா?

கொஞ்சத்தில் அந்த ஆள் விழுந்தான். விழும்போது, "ஐயோ அம்மா!" என்றான்.

சவிரிமுத்துவுக்கு அது தெளிவாகக் கேட்டது. ஆனால் தன் தலைக்குள் கேட்கிறது என்று நினைத்தார். கடலே வந்துவிட்டது, தமிழ் வருவதற்கென்ன? குளிரில் சாகிறவர்களுக்கு இப்படியெல்லாம் கேட்கும் என்று எங்கேயோ யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. அதனால் பதில் சொல்லவில்லை. குனிந்து, அந்த ஆளின் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே, "மடு மாதாவே, என்னைக் கைவிட்டிடாதை தாயே" என்று வாய்விட்டு அழுதார்.

அந்த ஆள் அப்படியே அசையாமல் நின்று அவரைப் பார்த்தான். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. தனக்கும் தலைக்குள்தான் கேட்கிறது என்று அவனும் முடிவு கட்டிவிட்டானாம்.

மாடு கத்துகிற சத்தம் கேட்டது. பல மாடுகள், வரிசையாக, அடிவயிற்றிலிருந்து. முதலில் கேட்டது யாருக்கு, யார் யாரை அந்தப் பக்கம் இழுத்தார்கள் என்பதில் இன்றைக்கும் இருவருக்கும் ஒத்துவராது. மரச்சுவர் ஒன்று முகத்தில் இடித்தது. சுவரைத் தடவித் தடவிப் போய், ஒரு சின்னக் கதவைக் கண்டுபிடித்து, இருவரும் ஒருவர்மேல் ஒருவராய் உள்ளே விழுந்தார்கள்.

தொழுவம். சாணியும் ஆவியும் சூடும். மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றின் வெளிச்சத்தில், முழங்கை வரை பால் நனைந்த ஒரு பெண் வாளியோடு எழும்பினாள். மார்லிஸ்தான். ஆனால் சவிரிமுத்துவுக்கு அவளையும் தெரியவில்லை, இடத்தையும் தெரியவில்லை. அவர் எப்போதும் முன்பக்கத்துத் தொட்டியோடு திரும்பிவிடுகிறவர். இது பின்பக்கக் கதவு.

கரண்ட் போய்விட்டது. பால் கறக்கும் இயந்திரம் நின்றுபோனது. புருசன் கீழே பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டான். மடி கட்டிக் கத்துகிற மாடுகளை அவள் தனியாகக் கையால் கறந்துகொண்டிருக்கிறாள். இரண்டு மஞ்சள் மேலங்கியைக் கண்டதும் அவளுக்கும் உயிர் வந்தது.

"உங்களில் யார் வீதிப் பகுதி? பாதை எப்போது திறக்கும்?" என்று கேட்டாள்.

சவிரிமுத்து அந்த ஆளைக் காட்டினார். அந்த ஆள் சவிரிமுத்துவைக் காட்டினான்.

மார்லிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து, உறைந்து பலகையாய்ப் போன சால்வைகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்து எடுத்தாள். உள்ளேயிருந்து முதலில் ஒரு கறுத்த முகம் வந்தது, பிறகு இன்னொன்று. இளம் ஆள். மூக்குக் கண்ணாடியில் ஐஸ்.

"அண்ணே," என்றான் அந்த இளம் ஆள். உதடு விறைத்துப் போயிருந்தது. "நீங்க தமிழா?"

சவிரிமுத்து பேயறைந்தவர் மாதிரி நின்றார். கையை நீட்டி அவனுடைய கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, நீங்கள் உண்மையா நிக்கிறியளோ?"

"நிக்கிறேண்ணே. நிஜமாத்தான் நிக்கிறேன். நீங்க ரோடு டிபார்ட்மென்ட் இல்லையா?"

"நானோ? நான் பால் எடுக்கிற ஆள். நீங்களெல்லோ ரோட்டுக்காரன் எண்டு நான் பின்னால வந்தனான்!"

"அய்யோ, நான்தான் உங்க பின்னாடி வந்தேன்! நீங்க வழி தெரிஞ்சு போறீங்கன்னு..."

அவன் முடிக்கவில்லை. இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. வழி தெரிந்தவர் யாருமே இருக்கவில்லை. சவிரிமுத்து சாணிக்குமேல் அப்படியே குந்திவிட்டார்.

அவனுடைய பெயர் குருபிரசாத். ஊர் கோயம்புத்தூர். மர ஆலை இயந்திரங்களுக்கு மென்பொருள் பார்க்கிற கம்பனியில் வேலை. மேலே ஒரு ஆலையில் ஏதோ நின்றுபோனது என்று காரில் வந்தவன், ஸ்னோவில் புதைந்து, காரில் இருந்த மேலங்கியை மாட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறான். இதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல, மார்லிஸ் இருவருடைய சப்பாத்தையும் கழற்றி, படுத்திருந்த இரண்டு மாடுகளுக்கு நடுவில் வைக்கோலைப் பரப்பி, அதற்குள் அவர்களைத் தள்ளினாள். வீட்டு அடுப்புக்குக் கிட்டப் போகக்கூடாது, மெல்ல மெல்லத்தான் சூடேற வேண்டும் என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக சவிரிமுத்து ஒரு மாட்டைத் தொட்டார். தொட்டது மட்டுமில்லை, அதன் வயிற்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நித்திரையும் ஆகிவிட்டார்.

எழும்பினபோது அவள் இன்னும் கறந்துகொண்டிருந்தாள். கை வீங்கிப் போயிருந்தது. "சாவி, உனக்குக் கறக்கத் தெரியுந்தானே?" என்றாள். தெரியாது என்று அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. அவருடைய விரல்களோ மரக்கட்டை. குருபிரசாத்தும் முயன்று பார்த்தான். மாடு உதைத்ததுதான் மிச்சம். கடைசியில் இருவரும் வாளி தூக்கினார்கள், விளக்குப் பிடித்தார்கள். கறந்த பாலை வைக்க இடமில்லாமல் வாய்க்காலில் ஊற்றினார்கள். அவர் எடுக்க வந்த பால் அது.

கீழே எம்மன்புரூக்கேயில் றீற்றாவுக்கு வேறு கதை போனது. தீயணைப்புக்காரர் பவுசரைக் கண்டுபிடித்துவிட்டார்கள், உள்ளே ஆளில்லை என்று பெட்டினா போன் பண்ணினாள். ஆளில்லை என்றால் என்ன அர்த்தம்? காப்பாற்றிவிட்டார்களா? இல்லையா? பெட்டினாவுக்கே தெரியவில்லை. றீற்றா முதியோர் இல்லத்தில் கோப்பி கொடுத்துக்கொண்டிருந்தவள், தள்ளுவண்டியைப் பிடித்தபடியே நின்றாள். லக்சனா சூரிச்சிலிருந்து வரும் வழியில், அடுத்த ரெயின் இல்லாமல் ஓல்டன் ஸ்டேசனில் அந்தரித்தாள். மறுநாள் காற்று ஓய்ந்து, சங்கிலி போட்ட வாகனமொன்று மார்லிஸின் பண்ணைக்கு ஏறும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஆசுப்பத்திரியில் கட்டிலடியில் நின்று றீற்றா கேட்ட முதல் கேள்வி, "இஞ்சாருங்கோ, ஏனப்பா இறங்கினீங்கள்?" என்பதுதான். இடது காலில் இரண்டு விரல் நுனிகளை எடுக்கவேண்டி வந்தது. குருபிரசாத்துக்கு ஒரு காது மடல் கறுத்து உரிந்தது.

பிறகுதான் உண்மையான குழப்பம் தொடங்கியது.

உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. மலையை உள்ளங்கை மாதிரி அறிந்த பால்கார ஓட்டுநர், வழி தவறிய இந்தியப் பொறியியலாளரைப் புயலுக்குள்ளால் கூட்டிக்கொண்டு போய்க் காப்பாற்றினார் என்று எழுதியிருந்தார்கள். கந்தோரில் கேக் வெட்டினார்கள். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிய, அங்கே எல்லாருக்கும் மூத்தவரான தம்பித்துரை அண்ணை எல்லாருக்கும் முன்னால் அவருடைய கையைப் பிடித்து, "எங்கடை ஆள் ஒருத்தன் நல்ல பேர் எடுத்துத் தந்திட்டான்" என்றார்.

"அண்ணை, நான் கூட்டிக்கொண்டு போகேல்லை. நான் அந்தப் பெடியனுக்குப் பின்னால போனனான்."

"சும்மா விடு. தன்னைப் புகழாத குணம் நல்லதுதான்."

சொல்லச் சொல்ல அது தன்னடக்கமாகவே போய்விட்டது. குருபிரசாத்துக்கு போன் எடுத்தார். அவன் தன் மனைவி ஸ்வாதியோடு பழத்தட்டு கொண்டு வீட்டுக்கே வந்து, காலில் விழப் போனான்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. ஆர் முன்னுக்குப் போனது?"

"நீங்கதாண்ணே. உங்க பூட்ஸ் தடத்துலதான் நான் கால வச்சு வச்சு வந்தேன்."

"நான் உங்கடை அடியிலையெல்லோ கால் வைச்சனான்!"

ஸ்வாதி இருவரையும் பார்த்துவிட்டு, "அப்போ முதல்ல அடி வச்சது யாரு?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"மாதா கொண்டுபோனவா" என்று றீற்றா சொன்னாள். அவளுக்கு அதில் குழப்பமே இல்லை. சவிரிமுத்துவுக்கும் அப்படிச் சொல்லிவிட்டு இருக்க ஆசைதான். ஆனால் இரவில் படுத்தால், சிப்பை இழுத்துப் பூட்டிய கை நினைவுக்கு வரும். அது தன்னுடையது இல்லை என்றான் குருபிரசாத். பிறகு, இருக்கலாம், ஞாபகமில்லை என்றான்.

மே மாதம், காலை ஊன்றி நடக்கலாம் என்று டொக்டர் சொன்னபிறகு, நான்கு பேரும் குருபிரசாத்தின் காரில் மேலே போனார்கள். பவுசர் நின்ற வளைவு தெரிந்தது. வெட்டிய மரத்தின் துண்டுகள் வீதிக்கு இரண்டு பக்கமும் வெட்டுமுகம் வெள்ளையாய்க் கிடந்தன. அங்கிருந்து பார்த்தால் மார்லிஸின் தொழுவம் எதிரே, கூப்பிடு தூரத்தில் நின்றது. ஆனால் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம். செங்குத்தாய் இறங்கி, அடியில் பாறைகளுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தது.

மார்லிஸ் பண்ணையிலிருந்து தன் வாகனத்தில் சுற்றி வந்து அவர்களோடு நின்றாள். பாலம் இருக்கிறதா என்று சவிரிமுத்து கேட்டார்.

"பாலம் இந்த வளைவு தாண்டி, கீழே வீதியில் இருக்கிறது. நீ பவுசரில் வருகிற பாலம்தான். வேறு இல்லை."

"நாங்கள் பாலத்தாலை வரேல்லையே தம்பி?"

"இல்லண்ணே. பாலம்னா கைப்பிடி இருக்குமே. ஒண்ணும் தட்டுப்படல."

காற்று ஸ்னோவை வாரிக் கொண்டுவந்து பள்ளத்தை மூடியிருக்கலாம் என்று மார்லிஸ் சொன்னாள். சில வருடங்களில் அப்படி நடக்கும். ஆனால் புது ஸ்னோ இரண்டு ஆளைத் தாங்குமா என்று கேட்டதற்கு, தோளைக் குலுக்கினாள். குருபிரசாத் அங்குமிங்கும் நடந்து, போனை எடுத்து வரைபடம் பார்த்து, திரும்பவும் பள்ளத்தைப் பார்த்தான். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டான்.

சவிரிமுத்து விளிம்புக்குப் போய்க் குனிந்து பார்த்தார். றீற்றா பின்னால் வந்து அவருடைய பெல்ற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னப்பா, ஏதும் விளங்குதோ?"

"இல்லை" என்றார் அவர். "நான் நினைச்சதை விட ஆழம்."

கோப்பி வைக்க முன்கூட்டியே திரும்பிப் போயிருந்த மார்லிஸ், எதிர்ப்பக்கத் தொழுவத்திலிருந்து கூப்பிட்டாள். கோப்பி ஆறுகிறதாம். அவர்கள் காருக்குத் திரும்பி, கீழே இறங்கி, பாலத்தைத் தாண்டி, சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, கோப்பி ஆறித்தான் போயிருந்தது.